குரல் கொடுத்துவிட்டு ஏறுகிறவர்

ஞானரட்ணம் எந்த மரத்தில் ஏறுவதானாலும் முதலில் அடிமரத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, "ஆள் ஏறுது... ஓ!" என்று குரல் கொடுப்பார். ஒருதரம் கிழக்கே பார்த்து, ஒருதரம் மேற்கே பார்த்து. பிறகு பத்து எண்ணுகிற நேரம் பேசாமல் நிற்பார். அதற்குள் அக்கம்பக்கத்து வளவுகளில் கிணற்றடியில் நிற்கிற பெண்கள் துவாயை எடுத்துப் போர்த்திக்கொள்வார்கள். இல்லாவிட்டால் "பொறுங்கோ!" என்று சத்தம் வரும். பொறுக்கச் சொன்னால் பொறுப்பார். வெற்றிலை ஒன்று மடித்துப் போட்டு மென்று முடிகிற வரைக்கும்கூடப் பொறுத்திருக்கிறார்.

தென்னையின் உச்சியில், ஓலைகள் விரிகிற வட்டுக்குள் இருக்கிறவனுக்கு நாலு வளவும் உள்ளங்கை மாதிரித் தெரியும். மதிலை எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் மேலே திறந்துதானே கிடக்கிறது. இப்போது வீட்டுக்கு வீடு குளியலறை வந்துவிட்டது. ஆனாலும் கிணற்றுத் தண்ணீரை வாளியால் அள்ளி உச்சந்தலையில் ஊற்றினால்தான் குளித்தது போலிருக்கும் என்கிறவர்கள் ஒவ்வொரு சின்னத் தெருவிலும், ஒழுங்கைக்கு நாலுபேராவது இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் அந்தக் குரல். அது நல்ல கனமான குரல். தெல்லிப்பழைப் பக்கத்தில் அவர் போகிற சேர்ச்சில் பாட்டுக்காரர் வரிசையில் கடைசியாக நிற்கிறவர் அவர். போதகர் ஒருநாள், "ஞானரட்ணம், கர்த்தருக்குக் காது கேக்கும், கொஞ்சம் மெல்லப் பாடும்" என்று சொல்லியிருக்கிறார்.

மிச்சச் சாமான்கள் எல்லாம் ஒரு பழைய சைக்கிளில் அடங்கும். கால்களைச் சேர்த்துப் பிணைத்துக்கொண்டு ஏறுகிற தளைநாரைப் பனைமட்டையில் நாரெடுத்து அவரே முறுக்குவார். காய்ந்தால் காலை வெட்டும் என்று முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுவார். சிலர் சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போடுகிறார்கள். அது மழைக்கு வழுக்கும் என்பது அவருடைய எண்ணம். இடுப்புக்குப் பின்னால் மரக்கூட்டில் கத்தி. ஓட்டுவீட்டின் மேல் சாய்ந்த மரமென்றால் குலையைக் கட்டி இறக்க நீளக் கயிறு. நெஞ்சு உரசாமலிருக்கச் சாக்குத் துணியை நாலாய் மடித்து மனைவி பொன்மலர் தைத்துக் கொடுத்த மார்புத்துண்டு ஒன்று. அதன் ஒரு மூலையில் அவள் சிவப்பு நூலால் சின்னச் சிலுவை போட்டிருந்தாள். "நான் கீழை நிண்டு பாத்துக்கொண்டிருக்க ஏலாது. இது பாக்கட்டும்" என்றாள்.

போன ஆடியில் தொண்டைக்குள் ஒரு கட்டி. எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று டொக்டர் சொன்னார். உயிருக்குப் பயமில்லை, குரல் போய்விடும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். சொன்னபடியே ஆயிற்று. மூன்று மாதத்தில் உடம்பு தேறியது. கை கால் முன்போலவே இருந்தன. வாயைத் திறந்தால் மட்டும் ரகசியம் சொல்வதுபோல் வெறும் காற்று வந்தது.

அந்தக் காற்றுக் குரலில் அவருக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. அவர் பேசத் தொடங்கினால் மற்றவர்களும் ரகசியமாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள். கடையில் போய், "அரைக்கிலோ சீனி" என்று காற்றாய்ச் சொன்னால், கடைக்காரரும் குனிந்து, அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "வெள்ளையோ, சிவப்போ?" என்று காற்றாய்க் கேட்பார். பக்கத்தில் நிற்கிறவர்கள் ஏதோ கள்ளச்சாமான் கைமாறுகிறது என்று பார்ப்பார்கள்.

"உங்களுக்கு மரியாதை தருகினமப்பா" என்று பொன்மலர் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. கூடியவரை பேசாமலே இருந்துவிடப் பழகினார். சேர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி வாயை மட்டும் அசைத்தார்.

மறுபடி வேலைக்குப் போன முதல்நாள் குணலட்சுமி ரீச்சர் வீடு. ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். வளவின் தெற்கு மதிலோரம் நாலு தென்னைகள், நாலும் பக்கத்து வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் செந்தூரனும் அவன் மனைவி சிவகௌரியும். செந்தூரன் மருதனார்மடச் சந்தியில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். சிவகௌரிக்கு ஒரு வாசிகசாலையில் வேலை.

தளைநாரைக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போன ஞானரட்ணம் பழக்கத்தில் தலையை நிமிர்த்தினார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு ரீச்சரிடம் வந்தார்.

"ரீச்சர், பக்கத்து வீட்டுக்கு ஒருக்கால் குரல் குடுங்கோ."

ரீச்சர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்கை ஆர் இருக்கினம்? அவன் கடையிலை, அவள் வேலையிலை. நீர் ஏறும்."

பக்கத்து வீட்டுக் கேற் முப்பதடி தூரம். போய்த் தட்டி, பதில் வராவிட்டால் திரும்பி வந்து ஏறியிருக்கலாம். அவருக்கு அது தெரியாமலில்லை. ஆனால் கேற்றடியில் நின்று காற்றாய்ப் பேச வேண்டும், உள்ளேயிருந்து வருகிறவர் முகம் மாற வேண்டும், அவரும் காற்றாய்ப் பேச வேண்டும். ஒருவரும் இல்லாத வீட்டுக்கு ஏன் அவ்வளவும் என்று நினைத்தார். காலில் தளைநாரை மாட்டினார்.

வட்டுக்குள் ஏறி உட்கார்ந்து, காய்ந்த ஓலை இரண்டை வெட்டி ரீச்சரின் வளவுக்குள் தள்ளிவிட்ட பிறகுதான் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கூடவே இன்னொரு சத்தமும். குனிந்து பார்த்துவிட்டார்.

கிணற்றடியில் துவைக்கிற கல்லில் சிவகௌரி குந்தியிருந்தாள். குறுக்குக்கட்டு முழுக்க நனைந்திருந்தது. வாளியால் அள்ளி ஊற்றுவாள், பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள், திரும்ப அள்ளுவாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுகையை ஒளிக்கப் பார்க்கிறாள் என்பது மேலேயிருந்து நன்றாகவே தெரிந்தது.

ஞானரட்ணம் கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் தென்னை வட்டுக்குள் இருக்க முடியும்? கால் விறைத்தது. மெல்ல அசைந்தார். பன்னாடைத் துண்டு ஒன்று பிடுங்குப்பட்டு, காற்றில் ஆடி ஆடி, மதிலுக்கு அந்தப் பக்கமாய்ப் போய், கிணற்றுக்கட்டில் விழுந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு சொல் சொல்ல அவர் வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. நாற்பதடி உயரத்திலிருந்து காற்று எங்கே கேட்கப்போகிறது? அவள் சத்தம் போடவில்லை. எழுந்து, துவாயை எடுத்துச் சுற்றிக்கொண்டு, திரும்பிப் பாராமல் உள்ளே போனாள்.

அன்று பின்னேரம் செந்தூரன் மோட்டார்சைக்கிளில் வந்து ஞானரட்ணம் வீட்டுக் கேற்றடியில் நின்றான். இறங்கவில்லை.

"அண்ணை, முப்பது வருசமாய் இந்த ஒழுங்கையிலை மரமேறுறியள். இண்டைக்கு என்ன, வாய் இல்லையோ?"

ஞானரட்ணத்துக்கு முன்னால் பொன்மலர் படியிறங்கினாள். "ஓம் தம்பி, இல்லை. வெட்டி எடுத்துப்போட்டினம். வேணுமெண்டால் ஆசுப்பத்திரித் துண்டைக் காட்டுறன், வாசியுங்கோ."

அவன் ஒருகணம் திகைத்தான். ஆனால் வந்த கோபம் அவ்வளவு சுலபமாகத் திரும்பிப் போகவில்லை. "குரல் இல்லாட்டி மரமேறக்கூடாது. அவள் கிணத்தடியாலை வந்ததிலையிருந்து ஒரு வாய் சாப்பிடேல்லை. என்ன பாத்தனீங்கள் அண்ணை? சொல்லுங்கோ."

"ஒண்டும் பாக்கேல்லை" என்றார் ஞானரட்ணம்.

"பாக்காமலோ அவள் இப்பிடி இருக்கிறாள்? இனி எங்கடை ஒழுங்கைப் பக்கம் மரமேற வராதையுங்கோ."

அவன் போன பிறகு பொன்மலர் கதவை மூடினாள். "உண்மையைச் சொல்லுங்கோ. என்ன நடந்தது?"

"குரல் குடுக்காமல் ஏறினனான். அதுதான் நடந்தது."

"அது தெரியும். நீங்கள் பாக்கிற ஆள் இல்லை எண்டும் தெரியும். அந்தப் பிள்ளை ஏன் சாப்பிடேல்லை?"

அவர் தளைநாரை எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டார். அழுததைக் கண்டேன், வேறொன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால் பாதிப் பழி அந்த இடத்திலேயே போயிருக்கும். ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறவளுடைய அழுகையை இன்னொருவருக்குச் சொல்வதற்குத் தனக்கு என்ன உரிமை என்று அவருக்குத் தோன்றியது.

அந்த ஒழுங்கையில் மட்டும் அறுபதுக்கு மேல் தென்னைகள். ஒரு கிழமைக்குள் எல்லா வீட்டிலும் ஏதோவொரு காரணம் முளைத்தது. ஒருவருக்குத் தேங்காய் இன்னும் முற்றவில்லையாம். இன்னொருவர் மரத்தையே தறிக்கப்போகிறாராம். முகத்துக்கு நேரே ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமலிருந்தது. வேறு ஊரில் மரம் தேடிப் போகலாம், வேலை கிடைக்கும். ஆனால் குரல் கொடுக்காமல் ஏறுகிறவன் என்ற பேர் சைக்கிளைவிட வேகமாய்ப் போகும். அந்தப் பேரோடு ஒரு வட்டுக்குள் போய் உட்கார அவருக்கு மனமில்லை.

"நான் வந்து கத்துறனே" என்றாள் பொன்மலர். விடியவே சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிறவள், திரும்பி வரப் பத்து மணியாகும். ஒத்திகைக்கு முற்றத்தில் நின்று ஒருதரம் கத்திப் பார்த்தாள். கோழிகூடத் திரும்பவில்லை.

யோசனை சொன்னவர் மயிலிட்டியிலிருந்து மோட்டார்சைக்கிளில் மீன் கொண்டுவருகிற இன்னாசித்தம்பி. "என்னட்டை பழைய ஹோர்ன் ஒண்டு கிடக்குது அண்ணை. றப்பர்ப் பந்து வைச்சது. அமத்தினால் பாம் பாம் எண்டு மூண்டு ஒழுங்கைக்குக் கேக்கும். நான் இப்ப கரண்ட் ஹோர்ன் போட்டிட்டன். கொண்டுபோங்கோ."

நல்ல யோசனை என்றுதான் ஞானரட்ணமும் நினைத்தார். இரண்டு ஒழுங்கை தள்ளி மரியரட்ணம் என்பவர் வீட்டில் இளநீர் பறிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மரத்தடியில் நின்று கிழக்கே பார்த்து இரண்டுதரம், மேற்கே பார்த்து இரண்டுதரம் அமுக்கினார். பத்து எண்ணினார். ஒரு பதிலும் இல்லை. ஏறினார்.

பாதி மரத்தில் நின்று பார்த்தால் ஒழுங்கை முழுக்கச் சனம். ஒவ்வொரு கேற்றையும் திறந்துகொண்டு பெண்கள் கையில் சட்டியோடு வந்து நிற்கிறார்கள். ஒருத்தி கிணற்றடியிலிருந்து அரைகுறையாய்த் தலையைத் துவட்டியபடி, "மீன்காரன்! நில்லும், நில்லும்!" என்று ஓடி வருகிறாள். மரத்தடியில் மூன்று பூனைகள் வாலைச் சுருட்டி உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"எங்கை மீன்?" என்று மரியரட்ணத்தின் மனைவி கேட்டாள்.

ஞானரட்ணம் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி ஒரு கையால் மேலே வட்டைக் காட்டினார்.

"மரத்திலையோ!"

உள்ளே போங்கள் என்று எச்சரிக்க வேண்டிய சத்தம் உள்ளே இருந்தவர்களையெல்லாம் வெளியே இழுத்து வந்துவிட்டது. அடுத்தநாள் இன்னாசித்தம்பிக்கு வேறு பேச்சு விழுந்தது. ஹோர்ன் அடித்துப்போட்டு நில்லாமல் போனானாம். ஹோர்ன் அவரிடமே திரும்பிப் போயிற்று.

ஒரு மாதமாயிற்று. ஒருநாள் குணலட்சுமி ரீச்சர் போன் எடுத்தார். போனில் ஞானரட்ணத்துக்கு அவ்வளவு கஷ்டமில்லை. போனில் எவருடைய காற்றும் கேட்கும்.

"ஞானம், தெற்கு மதில் மரத்துத் தேங்காய் விழுந்து பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர்க் கொட்டிலின்ரை கூரைச் சீற் உடைஞ்சு போச்சு. இன்னும் ஒரு குலை முத்தி நிக்குது. ஆளுக்கு மேலை விழுந்தால் என்ன செய்யிறது? கிரேன் லொறிக்காரனைக் கேட்டன், ஒழுங்கைக்குள்ளை திரும்பாதாம். நாளைக்கு வாரும்."

"அந்தப் பிள்ளை என்ன சொல்லும் ரீச்சர்?"

"அதை நீர் போய்க் கேளும்" என்றார் ரீச்சர். பிறகு, ரீச்சரும் தன்னை அறியாமல் குரலைத் தாழ்த்தி, "அண்டைக்கு நான் எழும்பிப் போய்ப் பாத்திருக்கலாம். பேப்பரிலை என்ன பெரிய விஷயம் இருந்தது" என்றார்.

காலையிலேயே போய்விட்டார். சைக்கிளை ரீச்சரின் மதிலில் சாய்த்துவிட்டு, தளைநாரைத் தோளில் போட்டுக்கொண்டு, மரத்தடிக்குப் போகாமல் ஒழுங்கைக்குத் திரும்பினார். அந்த வட்டுக்குள்ளிருந்து தெரியக்கூடிய வளவுகள் எத்தனை என்று அவருக்குத் தெரியும். ஐந்து. முதல் கேற்றைத் தட்டினார்.

லவீனா என்று ஒரு பிள்ளை, கையில் போனோடு வந்தாள். திரையில் எந்த நாட்டிலிருந்தோ ஒரு முகம் பார்த்துக்கொண்டிருந்தது.

"ரீச்சர் வீட்டு மரத்திலை ஏறப்போறன் பிள்ளை. உங்கடை கிணத்தடியைப் பாத்துக்கொள்ளுங்கோ."

அவளும் காற்றாய், "எங்களுக்குக் கிணறு இல்லை அங்கிள். குழாய்க்கிணறு" என்றாள்.

"சொல்லவேணும். அதுதான் சொன்னனான்."

இரண்டாவது வீட்டில் நாய் பேசியது, மனிதர் பேசவில்லை. யன்னலைத் திறந்து தலையாட்டிவிட்டு மூடிக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டில் நாகலிங்கம் என்று பழைய தபால்காரர், "இதுக்கே வீடுவீடாய் வாறீர்? இந்த நேரத்துக்கு மூண்டு மரம் ஏறியிருப்பீர்" என்று ரகசியமாய்ச் சொன்னார். அடுத்ததில் நாலுதரம் சொன்ன பிறகுதான் விளங்கியது. முகத்தில் சூடு ஏறத்தான் செய்தது. ஆனால் நாலாவது கேற்றுக்குள் அது கொஞ்சம் பழகிவிட்டிருந்தது.

ஐந்தாவது கேற் சிவகௌரியுடையது. மோட்டார்சைக்கிள் இல்லை. தட்டினார். அவளே வந்தாள். வீட்டில் போடுகிற பழைய சோட்டிச் சட்டை, எண்ணெய் வைக்காத தலை. அவரைக் கண்டதும் கேற்றின் கொழுக்கியில் கையை வைத்தபடி நின்றாள், திறக்கவில்லை.

"பிள்ளை, அண்டைக்கு நான் குரல் குடுக்கேல்லை. குரல் இல்லை. ஆனா கால் இருந்தது. இந்தக் கேற்றடிக்கு வந்து சொல்லியிருக்கலாம். இப்பிடிக் கதைக்க வெக்கப்பட்டு வராமல் விட்டனான். பிழை என்ரை."

அவள் அவருடைய தோளில் கிடந்த தளைநாரைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். காற்றாயல்ல, தன் சொந்தக் குரலிலேயே கேட்டாள்.

"என்ன கண்டனீங்கள்?"

"நீங்கள் அழுததைக் கண்டனான்."

"ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"உங்கடை மனுசிக்கு?"

"அவவுக்கும் இல்லை."

சிவகௌரி கொழுக்கியைக் கழற்றினாள். திரும்ப மாட்டினாள். "எங்கடை அண்ணையின்ரை செத்தவீட்டுக்குப் போட்டு வந்து முழுகினனான். பத்து வருசமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை. இந்த வளவாலை வந்த சண்டை. செத்தவீட்டிலை சனமெல்லாம் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டது, இவள் அழுவாளோ எண்டு. ஒரு சொட்டு விடேல்லை நான். இவருக்கும் நான் அழுதது தெரியாது. நீங்கள் மேலை இருந்து பாத்தது எண்டு மட்டும் சொன்னனான். மிச்சத்தை அவர் தானாய் நினைச்சுக்கொண்டார். நானும் அப்பிடியே விட்டிட்டன்." கொழுக்கியைப் பார்த்தபடி சொன்னாள். "உங்கடை பேர் கெட்டது தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் இருந்தனான்."

ஞானரட்ணம் தளைநாரை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினார். "குலை முத்தி நிக்குது பிள்ளை. விழுந்தால் ஆபத்து. நீங்கள் ஓமெண்டால் ஏறுறன். இல்லாட்டிப் போறன்."

"இண்டைக்கு அண்ணைக்கு முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. நான் முழுகிப்போட்டுத்தான் அங்கை போகவேணும். இவர் கடையைச் சாத்திப்போட்டு என்னை ஏத்த வருவார்." அவள் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "பொறுப்பியளோ?"

"பொறுக்கிறன்."

மரத்தடிக்கு வந்து, மார்புத்துண்டைக் கட்டி, தளைநாரைக் காலடியில் போட்டுவிட்டு, மதிலுக்கு முதுகு காட்டி நின்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் வாளி கிணற்றுக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்தது. நின்றது. திரும்பவும் விழுந்தது. இடையிடையே வேறு சத்தமும் இருந்தது. இன்று அதை அவள் பெரிதாய் ஒளிக்கவில்லை.

குணலட்சுமி ரீச்சர் தேத்தண்ணீரோடு வந்தார். "ஏறாமல் என்ன யோசினை?"

"பொறுக்கச் சொல்லியிருக்கு."

ரீச்சர் மதிலைப் பார்த்தார். கோப்பையை மதில் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். தேத்தண்ணீர் ஆறியது. நல்ல வெயில் ஏறிவிட்டது. ஞானரட்ணம் நின்றார்.

தண்ணீர்ச் சத்தம் ஓய்ந்து, கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது. இனி ஏறலாமோ என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையில் மதிலுக்கு மறுபுறம் காலடி திரும்பி வந்தது.

"அண்ணை, நிக்கிறியளோ?"

அவர் கத்தியின் பின்புறத்தால் மரத்தில் ஒருதரம் தட்டினார்.

பிறகு, கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அந்தக் கிணற்றடியில் நின்று அவள் கேட்டுப் பழகிய அந்தக் குரல், அவளுடைய வாயிலிருந்து, முதலில் கொஞ்சம் கூச்சத்தோடு வந்தது.

"ஆள் ஏறுது... ஓ!"

அது சரிவரவில்லை என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, மேற்குப் பக்கமாய்த் திரும்பி, இந்தமுறை ஒழுங்கை முடிவு மட்டும் கேட்க இழுத்துக் கூப்பிட்டாள்.

"ஆள் ஏறுது... ஓ! ஞானரட்ணம் அண்ணை ஏறுறார்!"

மூன்று வளவுக்கு அப்பாலிருந்து பழைய தபால்காரரின் பதில் வந்தது.

"ஏறட்டும், ஏறட்டும்! மீன் இல்லைத்தானே?"

யாரோ சிரித்தார்கள். ஞானரட்ணம் பத்து எண்ணினார். காலில் தளைநாரை மாட்டி, கன்னத்தை மரத்தோடு வைத்து, முதல் அடிக்கு எம்பினார்.